செப்டம்பர் 2, 1933: அக்கித் தடுப்பூசியும் மறதிநோயும்

ஐம்பது வயதைத் தாண்டிய சொந்தக்காரர்கள் யாரைப் பார்த்தாலும் கொஞ்ச காலமாக நான் ஒரே பேச்சைத்தான் எடுக்கிறேன். அக்கிக்குத் தடுப்பூசி வந்துவிட்டது, தெரியுமா? பாதிப் பேருக்குத் தெரியவில்லை. "அக்கிக்கெல்லாமா ஊசி? காவி எழுதினால் அடங்கிடுமே" என்கிறார்கள். தெரிந்தவர்கள் "விலை ரொம்ப அதிகமாமே" என்று பேச்சை மாற்றிவிடுகிறார்கள். அந்த ஊசி மறதிநோய் வரும் வாய்ப்பையும் குறைக்கிறது போலிருக்கிறது என்று சொன்னால்தான் உட்கார்ந்து கேட்கிறார்கள்.

அவர்கள் அடுத்துக் கேட்கும் கேள்வி நியாயமானது. "தினம் ஒரு ஆய்வு வருது. காபி நல்லதுங்கிறான், கெட்டதுங்கிறான். இதை மட்டும் எப்படி நம்புறது?" வாயால் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் யாராவது சாப்பிடக் கூப்பிட்டுவிடுகிறார்கள். அதனால் இங்கே முழுசாக எழுதி வைக்கிறேன்.

முதலில் அக்கி. சின்ன வயதில் சின்னம்மை வந்தவர்கள் உடம்பில் அந்த வைரஸ் இன்றைக்கும் இருக்கிறது. வேப்பிலை கட்டி, மூன்றாம் தண்ணீர் ஊற்றி, ஆத்தா இறங்கிவிட்டாள் என்று வீடு நிம்மதியான பிறகும் அது வெளியேறுவதில்லை. தோலிலிருந்து நரம்பு வழியாக உள்ளே போய், முதுகெலும்பை ஒட்டி இருக்கும் நரம்பு முடிச்சுகளிலும், முகத்துக்கு உணர்ச்சி தரும் நரம்பின் முடிச்சிலும் தங்கிவிடுகிறது. நாற்பது, ஐம்பது ஆண்டுகூட அங்கேயே கிடக்கும். நம் எதிர்ப்புச் சக்தி அதை அமுக்கி வைத்திருக்கிறது. வயது ஏறும்போதோ, புற்றுநோய் சிகிச்சை, ஸ்டீராய்டு மருந்து போன்றவற்றாலோ அந்தப் பிடி தளர்ந்தால், ஏதோ ஒரு நரம்பைப் பிடித்துக்கொண்டு மறுபடி தோலுக்கு வருகிறது. அந்த ஒரு நரம்பு எந்தப் பட்டையளவு தோலுக்குப் போகிறதோ அந்த இடத்தில் மட்டும் கொப்புளம் வரும். மார்பிலோ இடுப்பிலோ வந்தால் பாதி ஒட்டியாணம் போட்டதுபோல ஒரு பக்கத்தோடு நின்றுவிடுவது அதனால்தான். உடம்புச் சூடு, சாப்பாடு, வெயில் எல்லாவற்றின் மேலும் பழி போடுகிறோம். உண்மையில் இது நமக்குள் ஏற்கெனவே இருந்த பழைய அம்மை.

இதைக் கண்டுபிடித்த கதை எனக்கு மிகவும் பிடிக்கும். பெரிய ஆராய்ச்சிக் கூடத்தில் நடந்ததல்ல. இங்கிலாந்தில் சைரன்செஸ்டர் என்ற சிற்றூரில் எட்கர் ஹோப்-சிம்ப்சன் என்று ஒரு குடும்ப டாக்டர் இருந்தார். தன்னிடம் வரும் அக்கி நோயாளிகளைப் பற்றிப் பல ஆண்டுகள் விடாமல் குறிப்பு எழுதி வைத்தார். ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாந்துத் தீவுகளில் ஒன்றான யெல்லுக்கும் போனார். வெளியாட்கள் அதிகம் வராத அப்படிப்பட்ட தீவில் யாருக்கு எப்போது சின்னம்மை வந்தது, யாருக்கு அக்கி வந்தது என்று பின்தொடர முடியும். அக்கி இன்னொருவரிடமிருந்து தொற்றுவதில்லை, அவரவர் உடம்பில் உறங்கிய சின்னம்மைதான் எழுகிறது என்று 1965-ல் எழுதினார். பின்னால் வந்த ஆய்வுக்கூடச் சோதனைகள் அவர் சொன்னதை உறுதி செய்தன. (அக்கிக் கொப்புள நீர் பட்டால், இதுவரை சின்னம்மை வராதவருக்குச் சின்னம்மை வரலாம். அதனால் கைக்குழந்தையையும் கர்ப்பிணிகளையும் தள்ளி வைப்பது சரியே.)

அக்கி சாதாரணம் என்று நினைப்பவர்களுக்கு என் அத்தையைப் பற்றிச் சொல்கிறேன். திருநெல்வேலிப் பக்கம். எழுபதை நெருங்கும் வயதில் இடது மார்புக்குக் கீழே ஆரம்பித்து முதுகுவரை வந்தது. முதல் இரண்டு நாள் கொப்புளமே இல்லை, எரிச்சல் மட்டும்தான். வாயு என்று நினைத்துப் பூண்டு வறுத்துச் சாப்பிட்டார்கள். பிறகு கொத்துக் கொத்தாகக் கொப்புளம். வேளார் வீட்டுக்குக் கூட்டிப் போனார்கள். அவர் காவியைக் குழைத்து, மந்திரம் சொல்லி, சிங்கம் எழுதி அனுப்பினார். குளிர்ச்சியாக இருந்ததாம். கொப்புளம் காய்ந்து உதிர்ந்தது. எல்லோரும் சரியாகிவிட்டது என்று சொன்னார்கள்.

வலி போகவில்லை. தோலில் வெறும் தழும்புதான் இருந்தது, ஆனால் ரவிக்கைத் துணி உரசினால் அத்தை பல்லைக் கடித்துக்கொள்வார்கள். பெரியப்பாவின் பழைய மல் வேட்டியைக் கிழித்து, அதை மட்டும் மேலே போர்த்திக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருப்பார்கள். மின்விசிறிக் காற்றுகூட ஆகாது. பேரன் ஓடிவந்து கட்டிக்கொள்ள வந்தால் கையை நீட்டித் தடுப்பார்கள், அவன் முகம் வாடிவிடும். "ஏட்டி, தீக்கங்க உள்ள வச்சுத் தச்சாப்ல இருக்கு" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார்கள். இரவில் தூக்கமில்லை. ஒரு வருடத்துக்கு மேல் அப்படிப் போனது. நரம்பு டாக்டர் கொடுத்த மாத்திரையில் வலி கொஞ்சம் மட்டுப்பட்டது, கூடவே பகலெல்லாம் தலை கிறுகிறுத்தது.

இந்த வலிதான் அக்கியின் உண்மையான கொடுமை. வைரஸ் வந்து போன பாதையில் நரம்பு சிதைந்துவிடுகிறது. கொப்புளம் வந்து மூன்று மாதம் கடந்தும் வலி நீடித்தால் டாக்டர்கள் அதற்குத் தனிப் பெயர் வைத்து, கபாபென்டின், ப்ரீகாபலின், அமிட்ரிப்டிலின் என்று நரம்பு மருந்துகளுக்குப் போகிறார்கள். வயது கூடக் கூட இந்த வலி தங்கும் வாய்ப்பும் கூடுகிறது.

வைரஸைத் தடுக்கும் மாத்திரைகள் இருக்கின்றன. அசைக்ளோவிர், வாலாசைக்ளோவிர். கொப்புளம் தெரிந்த 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் அவை நன்றாக வேலை செய்யும். அந்த மூன்று நாளைத்தான் நம் வீடுகளில் வாயு, சூடு, காவி என்று செலவழித்துவிடுகிறோம். அக்கி எழுதுவதை நான் குறை சொல்லவில்லை. காவிக் குழைசல் எரிச்சலுக்கு இதமாக இருக்கும், எழுதுபவரின் கரிசனமும் பெரிய ஆறுதல். மாத்திரையைப் போட்டுக்கொண்டு எழுதப் போகலாம். மாத்திரைதான் முதலில். நெற்றியிலோ கண் பக்கமோ வந்தால், முக்கியமாக மூக்கின் நுனியில் ஒரு கொப்புளம் தெரிந்தால், அன்றைக்கே கண் டாக்டரைப் பார்க்க வேண்டும். மூக்கு நுனிக்குப் போகும் நரம்புக்கிளைதான் கண்ணுக்குள்ளும் போகிறது. பார்வையே போய்விடக்கூடும்.

சரி, மறதிக்கு வருகிறேன்.

அக்கித் தடுப்பூசி போட்டவர்களுக்கு மறதிநோய் குறைவாக வருகிறது என்று பல நாடுகளின் மருத்துவப் பதிவுகளில் முன்பே தெரிந்தது. ஆனால் யாரும் முழுசாக நம்பவில்லை, நம்பாததும் சரிதான். தானாகப் போய்த் தடுப்பூசி போட்டுக்கொள்பவர் யார்? காலையில் நடக்கப் போகிறவர், பிரஷர் மாத்திரையைத் தவறவிடாதவர், படித்தவர், கையில் கொஞ்சம் காசு உள்ளவர், டாக்டரிடம் கூட்டிப் போகப் பிள்ளைகள் இருப்பவர். அவருக்கு ஊசி இல்லாவிட்டாலும் மறதிநோய் குறைவாகத்தான் வரும். ஏற்கெனவே நினைவு தடுமாற ஆரம்பித்தவர் ஊசிக்கு நாள் குறித்துப் போகவும் மாட்டார். ஆக, குறைந்ததற்குக் காரணம் ஊசியா, அந்த மனிதரா என்று பிரிக்க முடியாது. நமக்கு வரும் "ஆய்வு சொல்கிறது" செய்திகளில் பெரும்பாலானவை தடுக்கி விழும் பள்ளம் இதுதான்.

இதைத் தாண்ட ஒரு நேர்வழி உண்டு. ஆயிரக்கணக்கான பேரை எடுத்து, சீட்டுக் குலுக்கிப் போட்டு, பாதிப் பேருக்கு ஊசி, பாதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணீர் என்று கொடுத்துப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். அதற்குப் பெரும் பணம் வேண்டும். ஆனால் வேல்ஸ் நாட்டில் அரசாங்கமே, தனக்குத் தெரியாமல், அப்படி ஒரு சீட்டைக் குலுக்கிவிட்டிருந்தது.

2013 செப்டம்பர் 1 அன்று வேல்ஸில் முதியவர்களுக்கு அக்கித் தடுப்பூசித் திட்டம் தொடங்கியது. ஊசி மருந்து போதிய அளவில் இல்லை. 80 வயதைத் தாண்டியவர்களுக்கு அது சரியாக வேலை செய்வதில்லை என்ற கணிப்பும் இருந்தது. அதனால் விதியை இப்படி வைத்தார்கள்: அன்றைய தேதியில் 79 வயது உள்ளவர்கள் ஓராண்டுக்குள் இலவசமாகப் போட்டுக்கொள்ளலாம். அவர்களுக்குக் கீழே உள்ளவர்களுக்கு 79 ஆகும்போது முறை வரும். 80 முடித்தவர்களுக்கு இனி எப்போதும் கிடையாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 1933 செப்டம்பர் 2 அன்று அல்லது அதற்குப் பின் பிறந்தவருக்கு ஊசி உண்டு. செப்டம்பர் 1 அன்று பிறந்தவருக்கு ஆயுசுக்கும் இல்லை. கார்டிஃபில் ஒரே தெருவில் இரண்டு பாட்டிமார் இருக்கிறார்கள் என்று வையுங்கள். ஒரே பள்ளியில் படித்தவர்கள், ஒரே போரைப் பார்த்தவர்கள், ஒரே டாக்டரிடம் போகிறவர்கள். ஒருவர் ஆகஸ்ட் கடைசி வாரத்தில் பிறந்தவர், இன்னொருவர் செப்டம்பர் முதல் வாரத்தில். முன்னவர் எவ்வளவு கேட்டாலும் திட்டத்தில் ஊசி கிடையாது, பின்னவருக்கு டாக்டரிடமிருந்து கடிதம் வருகிறது. இவர்களைப் பிரித்தது பழக்கமோ படிப்போ பணமோ இல்லை, அம்மாவுக்கு வலி எடுத்த நாள் மட்டுமே.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் பாஸ்கல் கெல்ட்செட்சர் குழு இதைப் பிடித்துக்கொண்டது. 2,80,000-க்கும் மேற்பட்ட முதியவர்களின் மருத்துவப் பதிவுகளை எடுத்து, அந்தத் தேதிக்கு இருபக்கமும் பிறந்தவர்களை ஒப்பிட்டார்கள். கோட்டுக்கு ஒரு வாரம் முன்னால் பிறந்தவர்களில் ஊசி போட்டவர்கள் 0.01%. ஒரு வாரம் பின்னால் பிறந்தவர்களில் 47.2%. ஒரே வாரத்தில் இவ்வளவு பெரிய தாவல். மற்ற எல்லாம் சமமாக இருந்தன. படிப்பு, நீரிழிவு, இதயநோய், மற்ற தடுப்பூசிகள் போட்ட பழக்கம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். கோட்டின் இருபக்கமும் எதிலும் வித்தியாசமில்லை. அதே தேதியை வைத்து வேறு அரசுத் திட்டம் ஏதும் இருந்ததா என்றும் தேடினார்கள். இல்லை.

வித்தியாசம் தெரிந்தது, எதிர்பார்த்தபடி, அக்கியில். கூடவே மறதிநோயில். ஏழு ஆண்டுகளில் ஊசி போட்டவர்களுக்குப் புதிதாக மறதிநோய் கண்டறியப்படுவது ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 20% குறைந்திருந்தது. இன்னொரு விதமாகச் சொன்னால், நூறு பேர் ஊசி போட்டுக்கொண்டால் அந்த ஏழு ஆண்டில் மூன்று நான்கு பேருக்கு மறதிநோய் வராமல் தவிர்ந்தது. ஆண்களைவிடப் பெண்களிடம் பலன் தெளிவாக இருந்தது. 2025 ஏப்ரலில் நேச்சர் இதழில் இது வெளிவந்தது.

இதைப் படித்தபோது எனக்கு நம் ஊர்த் தாத்தா பாட்டிகள் நினைவுதான் வந்தது. அவர்களுடைய பிறந்தநாள் யாருக்குத் தெரியும்? பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது கையைத் தலைக்கு மேல் சுற்றிக் காதைத் தொடச் சொல்லி, தொட்டால் ஐந்து வயது என்று வாத்தியார் போட்ட தேதிதான் ஆதாரில் இருக்கிறது. இரண்டு பிறந்தநாளுக்கு இடையே உள்ள ஒரு வாரத்தை வைத்து இப்படி ஒரு உண்மையை எடுக்க, பிறப்பையும் நோயையும் சரியாக எழுதி வைத்திருக்கும் ஒரு நாடு தேவைப்பட்டிருக்கிறது. நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் பதிவேடு எழுதும் நர்சுகளின் வேலை எவ்வளவு பெரியது என்று எனக்கு இதில்தான் உறைத்தது.

ஒரு நாட்டில் தெரிந்தது தற்செயலாக இருக்கலாமே? ஆஸ்திரேலியாவில் 2016 நவம்பரில் 70 முதல் 79 வயதுக்காரர்களுக்கு இலவச ஊசி தொடங்கினார்கள். அங்கே கோடு 1936 நவம்பர் 2. அதே குழு அங்கேயும் பார்த்தது. அங்கேயும் அதே திசையில்தான் முடிவு வந்தது. ஆக்ஸ்ஃபோர்டில் மாக்சிம் டாக்கே குழு வேறொரு கோணத்தில் போனது. அமெரிக்காவில் 2017 அக்டோபரில், வேல்ஸில் போட்ட அதே பழைய ஊசியிலிருந்து அதற்குப் பின் வந்த புது ஊசிக்கு ஏறக்குறைய ஒரே மூச்சில் மாறினார்கள். மாறுவதற்குச் சற்று முன் பழையதைப் போட்டவர்களையும், சற்றுப் பின் புதியதைப் போட்டவர்களையும் ஒப்பிட்டார்கள். புது ஊசிக்காரர்கள் மறதிநோய் இல்லாமல் கழித்த காலம் 17% கூடுதல். பின்னால் நோய் வந்தவர்களுக்கும் சராசரியாக 164 நாள் தள்ளிப்போயிருந்தது. வீட்டில் மறதிநோய்க்காரரைப் பார்த்துக்கொள்பவர்களைக் கேளுங்கள், அந்த ஐந்து மாதத்துக்கு என்ன விலை என்று. 2025 டிசம்பரில் ஸ்டான்ஃபோர்டு குழு செல் இதழில் இன்னொன்றும் எழுதியது: வேல்ஸில் ஏற்கெனவே மறதிநோய் இருந்தவர்களிலும், ஊசி போட்டவர்கள் அந்த நோயால் இறப்பது குறைவாக இருந்தது.

ஏன் இப்படி? இங்கே இன்னும் தீர்ப்பு வரவில்லை, சாத்தியங்கள்தான் இருக்கின்றன. அக்கி வைரஸ் மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்களின் சுவரைத் தாக்கக்கூடியது. அக்கி வந்த முதல் சில வாரங்களில் பக்கவாதம் வரும் ஆபத்து கூடுவது நன்றாகத் தெரிந்த விஷயம். 2022-ல் டஃப்ட்ஸ், ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் கூடத்தில் வளர்த்த மூளைத் திசுவில் ஒன்றைக் காட்டினார்கள். அக்கி வைரஸ் வந்து கிளறியதும், அங்கே உறங்கிக் கிடந்த இன்னொரு வைரஸ், உதட்டில் புண் வரவைக்கும் ஹெர்பிஸ், விழித்துக்கொண்டது. அதற்குப் பிறகு அல்சைமர் நோயில் காணும் புரதப் படிவுகள் சேர ஆரம்பித்தன. மூன்றாவது சாத்தியம், இதில் அக்கி வைரஸுக்கே பங்கில்லாமல், ஊசி எதிர்ப்புச் சக்தியைத் தட்டி எழுப்புவதே மூளைக்கு நல்லதாக இருக்கலாம். புது அக்கி ஊசியில் சேர்க்கும் அதே தூண்டுமருந்து, நுரையீரல் தொற்றுக்கான ஆர்எஸ்வி ஊசி ஒன்றிலும் இருக்கிறது. அதைப் போட்டவர்களிடமும் மறதிநோய் குறைந்ததாக ஆக்ஸ்ஃபோர்டு குழு 2025-ல் எழுதியிருக்கிறது. எனக்கு இந்த மூன்றுமே கொஞ்சம் கொஞ்சம் உண்மையாக இருக்கும் என்று தோன்றுகிறது.

வேல்ஸிலும் ஆஸ்திரேலியாவிலும் போட்டது பழைய ஊசி, சோஸ்டாவாக்ஸ். பலவீனமாக்கிய உயிருள்ள வைரஸ். 1974-ல் ஜப்பானில் மிச்சியாகி தகஹாஷி உருவாக்கிய சின்னம்மைத் தடுப்பூசியின் அதே வித்து. தன் மகன் சின்னம்மையில் மூச்சுத் திணறித் துடித்ததைப் பார்த்துத்தான் அவர் அந்த வேலையில் இறங்கினார். இன்று நமக்குக் கிடைப்பது வேறு. ஷிங்க்ரிக்ஸ் என்பது அதன் பெயர், இந்தியாவுக்கு 2023-ல் வந்தது. உயிருள்ள வைரஸ் கிடையாது. வைரஸின் மேல்தோலில் உள்ள ஒரு புரதமும், சிலி நாட்டு மரமொன்றின் பட்டையிலிருந்து எடுத்த பொருள் சேர்ந்த தூண்டுமருந்தும்தான். பழையது அக்கியைப் பாதியளவு தடுத்தது. இது 50 வயதைத் தாண்டியவர்களிடம் நடந்த சோதனையில் 97% தடுத்தது, 70-ஐத் தாண்டியவர்களிடமும் 90% அளவில். மறதிநோயைப் பொறுத்தவரை பிறந்தநாள் கோட்டை வைத்து எடுத்த ஆதாரம் பழைய ஊசிக்குத்தான் இருக்கிறது, புதியதற்கு ஆக்ஸ்ஃபோர்டு ஒப்பீடு இருக்கிறது. சீட்டுக் குலுக்கிச் செய்யும் முழுச் சோதனை இன்னும் பாக்கி. அதைச் செய்யப் பணம் திரட்டுவதாகக் கெல்ட்செட்சர் சொல்லி வருகிறார். கிடைக்க வேண்டும் என்று மனதாரக் கேட்டுக்கொள்கிறேன். இந்தியாவில் மட்டும் அறுபதைத் தாண்டியவர்களில் சுமார் 88 லட்சம் பேர் மறதிநோயோடு வாழ்கிறார்கள் என்று 2023-ல் கணக்கிட்டிருக்கிறார்கள்.

அதுவரை என்ன செய்வது? என்னைக் கேட்டால், அக்கிக்காகவே போடலாம் என்பேன். அத்தையின் அந்த ஒரு வருடத்தைப் பார்த்த எனக்கு வேறு காரணம் தேவையில்லை. மறதிநோய்ப் பலன் கூடவே வருமானால் இன்னும் நல்லது. ஆனால் மறதியைத் தடுக்க இது ஒன்று போதும் என்று நினைத்துக் காது கேட்காத அப்பாவுக்குக் கருவி வாங்காமலும், பிரஷரைக் கவனிக்காமலும் இருந்துவிடாதீர்கள். அவற்றுக்கான ஆதாரமும் பலமானது.

விலைதான் நெஞ்சை அடைக்கிறது. ஓர் ஊசியே பத்தாயிரம் ரூபாய் அளவில், அதுவும் இரண்டு போட வேண்டும். அரசு ஆஸ்பத்திரிகளில் வழக்கமாகப் போடும் தடுப்பூசிப் பட்டியலில் இது இல்லை. வேல்ஸ் பாட்டிக்குக் கடிதம் போட்டு இலவசமாகக் கொடுத்ததை, திண்ணையில் மல் வேட்டியோடு உட்கார்ந்திருக்கும் நம் ஊர்ப் பாட்டியால் எப்படி வாங்க முடியும்? எழுபது வயதானவர்களுக்காவது அரசு இதைக் கொண்டுவர வேண்டும் என்று கேட்கத் தொடங்க வேண்டிய நேரம் இது. சின்னம்மை ஊசியே இன்னும் நம் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் சேரவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

முடிந்தவர்களுக்குச் சில விவரங்கள். வழக்கமாக 50 வயதிலிருந்து போடலாம். எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் அதற்கு முன்பும் டாக்டரைக் கேட்டுப் போடலாம். ஏற்கெனவே அக்கி வந்தவர்களும் போடலாம், கொப்புளம் ஆறிய பிறகு. சின்னம்மை வந்ததா என்று நினைவில்லாதவர்கள் அதற்காகத் தயங்க வேண்டாம், நம் தலைமுறையில் அநேகமாக எல்லோருக்கும் வந்துதான் இருக்கும். கை நன்றாக வலிக்கும். இரண்டு மூன்று நாள் காய்ச்சல், உடம்பு வலி, அசதி இருக்கலாம், அதனால் வீட்டில் விசேஷம் இல்லாத வாரமாகப் பார்த்துப் போடுங்கள். மிக அரிதாகக் கியான்-பாரே என்ற நரம்புத் தளர்ச்சி நோய் வந்திருப்பதால், முன்பு அது வந்தவர்கள் டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். இரண்டாவது ஊசி இரண்டிலிருந்து ஆறு மாதத்துக்குள். முதல் ஊசியில் காய்ச்சல் வந்துவிட்டது என்று பலர் இரண்டாவதற்குப் போவதில்லை. ஒன்றோடு நிறுத்தினால் போட்ட காசுக்குரிய பாதுகாப்பு கிடைக்காது, அதனால் முதல் ஊசி அன்றே அடுத்த தேதியை நாட்காட்டியில் குறித்துவிடுங்கள்.